சந்திரகிரி என்றொரு காப்பி

கண்ணாடிக் குப்பி ஒன்றில் பச்சைக் கொட்டை. கீழே ஆங்கிலத்தில் ஒரு சீட்டு: சந்திரகிரி. மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, வேட்டி நுனியால் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி படித்தேன். அதேதான்.

"இது எங்க ஊர்ப் பேரும்மா" என்றேன், மேஜைக்குப் பின்னால் நின்ற பெண்ணிடம்.

"உங்க ஊர் எது சார்?" கன்னடம் கலந்த தமிழ்.

"பிறந்தது சித்தூர். இப்போ மகனோட திருப்பதியில. ரெண்டுக்கும் நடுவுல இருக்கு சந்திரகிரி."

"அங்க காப்பி விளையுதா சார்?"

"இல்லம்மா. குடிப்போம்."

அவள் சிரித்துவிட்டு அடுத்த ஆளைப் பார்க்கத் திரும்பினாள். நான் அங்கேயே நின்றேன். ஊரைப் பற்றி இவ்வளவு சுருக்கமாகவும் சரியாகவும் நான் அதற்கு முன் சொன்னதில்லை.

2023 செப்டம்பர் 27, பெங்களூர் அரண்மனை மைதானம். 5-வது உலகக் காப்பி மாநாடும் கண்காட்சியும். சர்வதேச காப்பி அமைப்பு நம் காப்பி போர்டோடு சேர்ந்து நடத்தியது. இதற்கு முன் 2001-இல் லண்டன், 2005-இல் பிரேசிலின் சால்வடார், 2010-இல் குவாதமாலா, 2016-இல் அடிஸ் அபாபா. ஆசியாவுக்கு வந்தது இதுதான் முதல் தடவை. தோட்டக்காரர், ஏற்றுமதிக்காரர், மிஷின் விற்கிறவர், மந்திரிமார் எல்லாரும் வரும் இடத்தில் தபால் இலாகாவில் ஓய்வு பெற்ற ஒருவனுக்கு என்ன வேலை? என் அப்பா காப்பிக்கொட்டை வறுத்து அரைத்து விற்றவர். எனக்கு அந்த வாசனையை விட முடியவில்லை. வேறு காரணம் கிடையாது.

26-ஆம் தேதியே போவதாக இருந்தேன். அன்று பெங்களூர் பந்த். தமிழ்நாட்டுக்குக் காவிரித் தண்ணீர் விடக்கூடாது என்று கடையடைப்பு. "அப்பா, நீங்க வாயைத் திறந்தா தமிழ்தான் வரும், நாளைக்குப் போங்க" என்றான் மகன். எங்களைப் போன்ற சித்தூர்த் தமிழருக்கு இது ஒரு தனிச் சங்கடம். தண்ணீர்ச் சண்டையில் எங்களுக்குப் பங்கே இல்லை. பேச்சில் மட்டும் மாட்டிக்கொள்வோம். ஒரு நாள் தள்ளி, விடியற்காலை ஆந்திரா பஸ் பிடித்து, சித்தூர், பலமனேர், முல்பாகல், கோலார் வழியாகப் போய்ச் சேர்ந்தேன். அங்கே அந்த மேஜையில் சந்திரகிரிக் குப்பிக்குப் பக்கத்துக் குப்பியின் சீட்டில் இருந்த பெயர்: காவேரி. கேடிமோர் என்று உலகம் சொல்லும் ரகத்துக்கு இங்கே வைத்த பெயர் அது. முந்தின நாள் ஊரையே மூட வைத்த பெயர், உள்ளே குப்பியில் அமைதியாக உட்கார்ந்திருந்தது.

சந்திரகிரி ரகத்தை பாலேஹொன்னூரில் உள்ள மத்திய காப்பி ஆராய்ச்சி நிலையம் 2007-இல் வெளியிட்டது. குட்டைச் செடி, அகன்ற தடித்த இலை. விலா சார்ச்சி என்ற அராபிகாவையும், தைமூர் தீவில் அராபிகாவும் ரோபஸ்டாவும் தாமாகவே கலந்து பிறந்த ஒரு செடியையும் சேர்த்து உண்டாக்கியது. எதற்கு இத்தனை பாடு என்றால், இலைத்துரு நோய். 1869-இல் இலங்கையில் தலைகாட்டிய அந்த ஆரஞ்சு நிறப் பொடி இருபது வருடத்துக்குள் அந்தத் தீவின் காப்பித் தோட்டங்களை அழித்தது. இன்று உலகம் இலங்கையைத் தேயிலையோடு சேர்த்து நினைப்பதற்குக் காரணமே அந்தப் பூஞ்சைதான். நம் மலைகளிலும் அது வந்தது. பாலேஹொன்னூர் நிலையம் 1925-இல் தொடங்கியதற்கும், அங்கிருந்து 1940களில் எஸ்.795 என்ற பெயர்பெற்ற ரகம் வந்ததற்கும் பின்னால் துருவோடு நடந்த சண்டைதான் இருக்கிறது.

எங்கள் சந்திரகிரிக்கும் காப்பிக்கும் வேறு ஒரு சுற்றுவழி உறவை நான் பஸ்ஸில் திரும்பும்போது கண்டுபிடித்து வைத்தேன். கேட்டால் சிரிப்பீர்கள். 1639-இல் மதராஸ் கடற்கரை மணல்திட்டை ஆங்கிலக் கம்பெனிக்குக் கொடுத்தவர் தாமர்ல வெங்கடப்ப நாயக்கர். அவருக்கு மேலே இருந்த விஜயநகர அரசர் அப்போது ஆண்டது சந்திரகிரியிலிருந்து. அந்தப் பத்திரம் கோட்டைக்குள் இருக்கும் ராஜமகாலில்தான் எழுதப்பட்டது என்று ஊரில் சொல்வார்கள். பாபா புதன் என்ற சூஃபிப் பெரியவர் யேமனிலிருந்து ஏழு கொட்டைகளை ஒளித்துக் கொண்டுவந்து சிக்கமகளூர் மலையில் நட்டார் என்ற கதையும் அதே நூற்றாண்டைச் சேர்ந்தது. ஒரு பக்கம் ஏழு கொட்டை, இன்னொரு பக்கம் ஒரு துண்டு மணல். அந்த மணலில் உட்கார்ந்த கம்பெனியின் ஆட்கள்தான் இருநூறு வருடம் கழித்து மலைமலையாகக் காட்டை அழித்துக் காப்பி போட்டார்கள். எங்களுக்குக் கிட்டத்து மலையான ஏற்காட்டில் அதை 1820களில் தொடங்கியவர் சேலம் கலெக்டர் காக்பர்ன். கண்காட்சியில் பாபா புதன் கதை நாலு இடத்தில் படத்தோடு இருந்தது. சந்திரகிரி அரசரைப் பற்றி யாரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

அப்பா கடைக்கு வருகிறேன்.

சித்தூர் பஜாரில் எட்டடி அகலக் கடை. பெயர்ப்பலகை கிடையாது. வாசனையே பலகை. முன்னால் தராசு, பின்னால் கரி அடுப்பு, அதன் மேல் இரும்பு உருளை, உருளைக்குக் கைப்பிடி. கைப்பிடியைச் சுற்றும் வேலை எனக்குப் பள்ளிக்கூடம் போகும் முன் ஒரு மணி நேரம். முதலில் பச்சைக் கொட்டையிலிருந்து நனைந்த வைக்கோல் மாதிரி ஒரு வாடை வரும். பிறகு சோளம் பொரிகிற வாசம். நிறம் மஞ்சளாகி, செங்கல்லாகி வரும்போது உள்ளே 'பட் பட்' என்று வெடிக்கத் தொடங்கும். அப்பா அதுவரை கணக்கு நோட்டைப் பார்த்துக்கொண்டிருப்பார். வெடிச் சத்தம் கேட்டதும் நோட்டை மூடிவிட்டுப் பக்கத்தில் வந்து நிற்பார். கடிகாரம் பார்த்து நான் கண்டதே இல்லை. சத்தம் கொஞ்சம் அடங்கி, புகை நீலமாகத் திரும்பும் நேரத்தில், "கொட்டு" என்பார். கொட்ட வேண்டும். ஒரு நிமிஷம் தாமதித்தால் கரிந்துவிடும். பெரிய முறத்தில் கொட்டி விசிறியால் ஆற்றும்போது வெள்ளைத் தோல் பறந்து தலையெல்லாம் விழும். என்னைப் பள்ளிக்கூடத்தில் 'காப்பித் தூள்' என்றுதான் கூப்பிட்டார்கள்.

அரவை மிஷினில் பெல்ட் ஓடும். பொடி சூடாக வரும். சூட்டோடு டப்பாவில் அடைக்கக்கூடாது, கொஞ்சம் ஆறவேண்டும் என்று சொன்னால் வாடிக்கைக்காரர்கள் கேட்கமாட்டார்கள். அந்தச் சூட்டைக் கையில் பிடித்துக்கொண்டு வீட்டுக்குப் போவதில்தான் அவர்களுக்குத் திருப்தி.

வாடிக்கையின் மொழியே தனி. "பீபெரி கால், பிளாண்டேஷன் ஏ கால், சிக்கரி நூறு" என்பார் தமிழ் வாத்தியார். "சிக்கரி வத்து" என்பார் தெலுங்கு வக்கீல். கழுவிப் பதப்படுத்திய அராபிகாவுக்குப் பெயர் பிளாண்டேஷன். பழத்தோடு வெயிலில் காயவைத்தால் செர்ரி. ரோபஸ்டாவைக் கழுவினால் பார்ச்மெண்ட். ஒரு பழத்துக்குள் பொதுவாக இரண்டு கொட்டை தட்டையாக ஒட்டிக்கொண்டிருக்கும். ஒன்று மட்டும் விளைந்தால் அது உருண்டு மிளகு மாதிரி இருக்கும். அதுதான் பீபெரி. பீபெரி என்றால் உசத்தி என்பது எங்கள் பக்கத்தில் அசைக்க முடியாத நம்பிக்கை. அப்பாவின் கருத்து வேறு. "உருண்டையா இருக்கு, உருளையில நல்லா உருளுது, சமமா வறுபடுது. அவ்வளவுதான். ருசி தோட்டத்தைப் பொறுத்தது." ஆனால் இதை அவர் வாடிக்கைக்காரர்களிடம் சொன்னதில்லை. பீபெரிக்கு விலை கூட.

கடையில் எழுதாத சட்டம் ஒன்று உண்டு. கொட்டை எந்தத் தோட்டத்தது என்று யாரும் கேட்கமாட்டார்கள். கேட்டாலும் அப்பாவால் சொல்ல முடியாது. காரணம், காப்பி போர்டு. இன்று கண்காட்சியில் ஒவ்வொரு பொட்டலத்திலும் தோட்டத்தின் பெயர், கடல்மட்டத்திலிருந்து எத்தனை மீட்டர், பறித்த மாதம், தோட்டக்காரரின் போட்டோ எல்லாம் இருக்கின்றன. ஐம்பது வருடம் இந்த நாட்டில் அப்படி ஒரு பொட்டலம் வர வழியே இருக்கவில்லை.

அந்தக் கதை 1930களின் மந்தத்தில் தொடங்குகிறது. வெளிநாட்டில் விலை விழுந்ததும் தோட்டக்காரர்கள் உள்ளூர்க்காரனை நினைத்துக்கொண்டார்கள். 1935-இல் காப்பி வரிச் சட்டம் வந்தது. அந்த வரிப்பணத்தில் உள்நாட்டில் காப்பி குடிக்கச் சொல்லிப் பிரசாரம் நடந்தது. 1936-இல் பம்பாய் சர்ச்கேட்டில் முதல் இந்தியா காப்பி ஹவுஸ் திறந்தது. 1939-இல் யுத்தம். ஐரோப்பியச் சந்தை அடைபட்டது, கப்பல் இல்லை, மூட்டை தேங்கியது. அரசாங்கம் குறுக்கே வந்து 1942-இல் காப்பிச் சட்டம் போட்டது. அதன்படி தோட்டக்காரர் தம் வீட்டுக்கும் விதைக்கும் வைத்துக்கொண்டது போக மிச்சம் அத்தனையும் போர்டிடம் ஒப்படைக்க வேண்டும். போர்டு அதைத் தரம் பிரித்து ஒரே குவியலாக்கி, ஏலம் போட்டு விற்கும். எந்த மலையின் கொட்டையும் குவியலில் விழுந்ததும் தன் ஊரை மறந்துவிடும். மிஞ்சுவது பி.பி., ஏ, பி, சி என்ற எழுத்து மட்டும்.

இப்போது பேசுகிறவர்கள் இந்த ஏற்பாட்டைத் திட்டித்தான் பேசுகிறார்கள். நல்ல தோட்டமும் சுமார் தோட்டமும் ஒரே குவியலில் போனால் யார் தரத்துக்கு உழைப்பார்கள் என்பது அவர்கள் நியாயம். கண்காட்சி மேடையிலும் ஒருவர் அப்படித்தான் பேசினார். எனக்கு ஒப்பவில்லை. தெற்கத்தி வீடுகளில், அதிலும் எங்கள் மாதிரி சின்ன ஊர்களில், காப்பி தினசரிப் பழக்கமானது அந்தக் குவியலால்தான். கப்பலேற முடியாத கொட்டை பஜாருக்கு வந்தது. எட்டடிக் கடைக்காரன் பெங்களூர் ஏலத்தில் எடுத்த வியாபாரியிடம் நாலு மூட்டை வாங்கிப் பிழைக்க முடிந்தது. சித்தூருக்கு வந்த மூட்டைகள் ஒரு காலத்தில் ஜோலார்ப்பேட்டை வழியாகக் காட்பாடி வந்து, அங்கே பெரிய வண்டியிலிருந்து இறங்கி, 1891-இல் போட்ட மீட்டர் கேஜ் பாதையில் ஏறி வந்தன என்பார் அப்பா. அவர் காலத்தில் லாரி வந்துவிட்டது. பலமனேர் ஏற்றம் இறங்கி ராத்திரியில் வரும்.

குவியல் 1992-இலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்தது. 1996-இல் முழுவதும் போனது. தோட்டக்காரர் யாருக்கு வேண்டுமானாலும் விற்கலாம் என்றானதும் அப்பா சொன்னது: "இனிமே யார்கிட்ட வேணும்னாலும் வாங்கலாம். யாரை நம்பி வாங்கறதுன்னுதான் தெரியல." அதே வருடம் ஒரு வியாபாரி பழைய கொட்டைக்கு மேலே புதுக்கொட்டையைப் பரப்பி இரண்டு மூட்டையைத் தலையில் கட்டிவிட்டார். அப்பா ஒரு பிடி எடுத்து மூட்டையின் நடுவிலிருந்து முகர்ந்தார், ஒன்றும் சொல்லாமல் மூட்டையைத் தைத்து மூலையில் போட்டார். அவருக்கு அப்போது வயது எழுபதைத் தாண்டியிருந்தது.

சிக்கரியைப் பற்றிச் சொல்லாமல் எங்கள் ஊர்க் காப்பியைப் பற்றிச் சொல்ல முடியாது. கண்காட்சியில் அந்தச் சொல்லைச் சொன்னால் ஏதோ சாவு வீட்டில் சிரித்துவிட்ட மாதிரி பார்க்கிறார்கள். அது ஒரு செடியின் வேர். குஜராத்திலும் உத்தரப் பிரதேசத்திலும் விளைகிறது. வேரை நறுக்கி, உலர்த்தி, வறுத்து அரைப்பார்கள். 1806-இல் நெப்போலியன் இங்கிலாந்தோடு வியாபாரத்தைத் தடுத்தபோது காப்பிக்கு அல்லாடிய பிரெஞ்சுக்காரர்கள் இதைப் பெருவாரியாகக் கலக்கத் தொடங்கினார்கள். நம் சட்டத்தில் கலவைப் பொடியில் காப்பி 51 சதவீதத்துக்குக் குறையக்கூடாது. எத்தனை சிக்கரி என்று பொட்டலத்தில் போட்டாக வேண்டும். அதனால்தான் பல கம்பெனிப் பொட்டலங்களில் 53:47 என்று ஒரு விகிதம் பார்க்கிறோம், ஏதோ கிரிக்கெட் ஸ்கோர் மாதிரி. அப்பா நூறுக்கு இருபதுக்கு மேல் போடமாட்டார். கலப்படம் என்று அவர் அதைச் சொன்னதே இல்லை. "பால் நிறைய ஊத்தறவனுக்கு அது வேணும்" என்பார். டிகாக்‌ஷன் கெட்டியாக இறங்கும், பாலைத் தாங்கும். ஒரே தொல்லை மழைக்காலம். சிக்கரி காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சிக் கல்லாகிவிடும். ஐப்பசியில் டப்பாவுக்குள் கரண்டி உடைந்த வீடுகள் உண்டு.

"கொட்டை கன்னடம், சிக்கரி குஜராத்தி, பால் தெலுங்கு, குடிக்கிறவன் தமிழன்" என்று அப்பா வேடிக்கையாகச் சொல்வார். அதில் கொஞ்சம் வலியும் உண்டு. 1911-இல் வட ஆற்காட்டிலிருந்து பிரித்து உண்டான சித்தூர் மாவட்டம் 1953 அக்டோபரில் ஆந்திராவோடு போனது. ம.பொ.சி. எல்லைப் போராட்டம் நடத்தினார். 1960 ஏப்ரலில் திருத்தணி மதராஸ் பக்கம் போனது, நாங்கள் இந்தப் பக்கம் நின்றோம். கடையில் பற்று எழுதும் நோட்டு மட்டும் மாறவில்லை. பெயர்கள் தமிழில், தொகை ஆங்கில எண்ணில், வசை இரண்டு மொழியிலும்.

எல்லாரும் ஒரே மாதிரி குடித்தார்கள் என்று எண்ண வேண்டாம். டம்ளருக்கு விளிம்பு வைத்து, டவராவில் ஆற்றி, உதடு படாமல் தூக்கி ஊற்றிக்கொள்ளும் வித்தையை இன்று சுற்றுலாப் பயணிகள் போட்டோ எடுக்கிறார்கள். எச்சில் பயம்தான் அந்த விளிம்பைப் பிடித்துத் தூக்க வைத்தது. ஹோட்டல் பலகையில் சாதிப் பெயர் எழுதிய காலம் என் அப்பாவுக்கு நன்றாக நினைவிருந்தது. 1957-இல் மதராஸ் திருவல்லிக்கேணியில் முரளி கபே முன்னால் பெரியார் அந்தப் பலகையை எதிர்த்துப் போராட்டம் நடத்தினார். ஊர்ப்புறக் கடைகளில் சிலருக்கு மட்டும் வேறு டம்ளர், வெளியே திண்ணை ஓரத்தில், குடித்துவிட்டு அவர்களே கழுவி வைக்க வேண்டும் என்றிருந்ததை நானே பார்த்திருக்கிறேன். பொடி வாங்க வரும்போது மட்டும் எல்லாரும் ஒரே வரிசை. அப்பா ஏதோ புரட்சிக்காரர் என்று சொல்லவில்லை. எட்டடிக் கடையில் இரண்டு வரிசைக்கு இடமில்லை.

திருப்பதி என்றால் பாட்டி நினைவு. மலைக்கு 1944-இல் மோட்டார் பாதை வரும் முன் அலிபிரியிலிருந்து நடந்து ஏறியவள். தரிசனம் முடியும் வரை பச்சைத் தண்ணீர் பல்லில் படாது என்பாள். காப்பி மட்டும் படும். "காப்பி ஆகாரத்துல சேத்தியில்ல" என்பது அவள் சாஸ்திரம். அவளுடைய மாமியார் காலத்தில் காலையில் நீராகாரம். காப்பி வந்து அதைத் துரத்தியபோது நாடு கெட்டது, வயிறு கெட்டது, பெண்கள் கெட்டார்கள் என்று அன்றைய பத்திரிகைகள் புலம்பியதை ஆ. இரா. வேங்கடாசலபதியின் 'அந்தக் காலத்தில் காப்பி இல்லை' நூலில் படித்தபோது பாட்டியை நினைத்துச் சிரித்தேன். ஒரே தலைமுறையில் காப்பி, கெடுக்கும் வஸ்துவிலிருந்து விரதம் முறிக்காத தீர்த்தமாகிவிட்டது.

இன்னொன்று, வெல்லம். சித்தூர் கரும்பு ஊர், வெல்ல மண்டி பெயர்போனது. சர்க்கரை கிடைக்காத நாளில் எல்லா வீட்டிலும் வெல்லக் காப்பிதான். பாலோடு வெல்லத்தைக் கொதிக்கவிட்டால் திரிந்துவிடும். டிகாக்‌ஷனில் வெல்லத்தைக் கரைத்து, பாலை இறக்கிச் சற்று ஆறிய பிறகு சேர்க்க வேண்டும். இன்று நெடுஞ்சாலையில் பித்தளை டம்ளர் வைத்து 'டிகிரி காப்பி' பலகை மாட்டியிருக்கும் கடைகளில் இதைத் தனி விலைக்கு விற்கிறார்கள். எங்களுக்கு அது பஞ்சத்தின் ருசி.

அரண்மனை மைதானத்தில் ஒரு மூலையில் காப்பியைச் சுவைத்துத் தரம் பார்க்கும் மேஜை. கப்பிங் என்கிறார்கள். வரிசையாகச் சின்னக் கிண்ணங்கள், ஒவ்வொன்றிலும் எட்டேகால் கிராம் கொரகொரப்பான பொடி, மேலே 150 மில்லி வெந்நீர். நாலு நிமிஷம் யாரும் தொடக்கூடாது. மேலே பொடி ஆடையாகக் கட்டும். கரண்டியால் அதை மெல்ல உடைத்து, மூக்கைக் கிண்ணத்துக்குள் நுழைக்க வேண்டும். பிறகு ஒரு கரண்டி எடுத்துச் சத்தமாக உறிஞ்ச வேண்டும். எவ்வளவு சத்தமோ அவ்வளவு நல்லதாம்; நாக்கு முழுக்கப் பரவுமாம். சின்ன வயதில் இந்தச் சத்தத்துக்காக அம்மாவிடம் எத்தனை குட்டு வாங்கியிருக்கிறேன்! எனக்கு முன்னால் நின்ற வெள்ளைக்கார இளைஞன் தண்ணீர் மோட்டார் மாதிரி உறிஞ்சிவிட்டு, பக்கத்திலிருந்த கோப்பையில் துப்பினான். நான் உறிஞ்சினேன். துப்ப மனம் வரவில்லை. ஆறு கிண்ணத்தையும் விழுங்கிவிட்டு அன்று ராத்திரி முழுக்கக் கொட்டக் கொட்ட விழித்திருந்தேன்.

நடத்தியவர் ஒவ்வொருவரையும் கேட்டார். ஒருவர் 'ஆரஞ்சுத் தோல்' என்றார், இன்னொருவர் 'மல்லிகை'. என் முறை வந்தது. மூன்றாம் கிண்ணத்தில் எனக்கு நனைந்த வைக்கோல் தெரிந்தது. "வறுவல் பத்தலை" என்றேன். அவர் என்னை ஒரு தரம் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. லேசாக வறுப்பதுதான் இப்போதைய நாகரிகம் என்று பக்கத்திலிருந்தவர் காதோடு சொன்னார். இருக்கட்டும். அப்பா இருந்திருந்தால் அந்தக் கிண்ணத்தை உருளைக்கே திருப்பி அனுப்பியிருப்பார்.

எங்கள் மாநிலத்துப் பெருமையாக அரக்குக் காப்பி கண்ணில் பட்டது. கிழக்குத் தொடர்ச்சி மலையில் ஆதிவாசிகள் சில்வர் ஓக் நிழலில், மிளகுக் கொடியோடு வளர்க்கும் அராபிகா. 2019-இல் குடகு, சிக்கமகளூர், பாபாபுதன்கிரி, வயநாடு ரோபஸ்டாவோடு சேர்ந்து புவிசார் குறியீடு வாங்கியது. கண்காட்சி நடந்த அதே மாதம்தான் தில்லி ஜி-20 கூட்டத்துக்கு வந்த தலைவர்களுக்குக் கொடுத்த பரிசுப் பெட்டியிலும் இருந்தது. திருப்பதியிலிருந்து அரக்கு போக ஒரு ராத்திரி முழுக்க ரயிலில் விசாகப்பட்டினம் போய், அதற்கும் மேலே மலையேற வேண்டும். சிக்கமகளூர் கிட்டத்தில் இருக்கிறது. மாநில எல்லை ஒன்று சொல்லும், மூக்கு ஒன்று சொல்லும்.

ஆனால் எனக்கு ஆச்சரியம் கொடுத்தது வேறு. இன்ஸ்டண்ட் காப்பி மேஜையில் நின்ற ஒருவர் பேச்சுவாக்கில், "எங்க பிளாண்ட் வரதய்யபாளையம்" என்றார். எங்கள் திருப்பதி மாவட்டத்து மண்டலம்! குண்டூர் மாவட்டம் துக்கிராலாவில் தொடங்கிய சி.சி.எல். நிறுவனம் அங்கே குவ்வகொல்லி கிராமத்தில் உறைகுளிர் முறையில் தூள் செய்யும் ஆலை வைத்திருப்பதைப் பேப்பரில் படித்திருந்தேன், மறந்தும் போயிருந்தேன். டிகாக்‌ஷனைப் பனிக்கட்டியாக உறையவைத்து, காற்றை உறிஞ்சி எடுத்த அறையில் வைத்தால் பனி தண்ணீராகாமலே ஆவியாகிப் போகும், காப்பி மட்டும் மணிமணியாக நிற்கும். கரையும் காப்பித்தூளை சத்தோரி கட்டோ என்ற ஜப்பானியர் ஜனங்கள் முன் வைத்ததும் ஒரு கண்காட்சியில்தான்: 1901, அமெரிக்காவின் பஃபலோ நகரம். அந்தச் சரக்கு இப்போது எங்கள் வேர்க்கடலைக் காட்டு ஓரத்திலிருந்து கப்பலேறுகிறது. இந்தியாவில் வருடத்துக்கு விளையும் சுமார் மூன்றரை லட்சம் டன் காப்பியில் பெரும்பங்கு இப்படி வெளியேதான் போகிறது. பெரிய வாடிக்கைக்காரன் இத்தாலி. யுத்தத்தில் கப்பல் நின்றபோது எங்களைத் தேடி வந்த கொட்டை, கப்பல் ஓடத் தொடங்கியதும் திரும்பிப் போய்விட்டது என்று சொன்னால் அவர் என்ன நினைப்பார் என்று சொல்லாமல் விட்டேன். அவர் ஒரு சின்னப் பொட்டலம் மாதிரிக்குக் கொடுத்தார். பையில் போட்டுக்கொண்டேன்.

மூன்று மணி நேரம் சுற்றினேன். செடி இருந்தது, மலை இருந்தது, கப்பல் இருந்தது, லட்ச ரூபாய் மிஷின்கள் இருந்தன, பாலில் இலை வரையும் பையன்கள் இருந்தார்கள். நடுவே ஒரு படி காணோம். கரி அடுப்பு, கையால் சுற்றும் உருளை, பற்று நோட்டு, சூடான பொடியை மார்போடு அணைத்துக்கொண்டு போகும் வாத்தியார். அந்தப் படி இல்லாமல் இந்த ஊர்களில் காப்பி குடிக்கிறவன் எப்படி உண்டானான் என்று அங்கே எந்தப் பலகையும் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று யாருக்கும் தோன்றாததுதான் எனக்கு உறுத்தியது. வேறு குறை இல்லை, நல்ல கண்காட்சி.

வெளியே வரும்போது ஒரு தோட்டக்காரரிடம் கால் கிலோ பச்சைக் கொட்டை வாங்கினேன். சந்திரகிரி ரகமேதான். அப்பாவின் உருளை எப்போதோ இரும்புக்குப் போய்விட்டது. மகன் வீட்டு மொட்டை மாடியில் பழைய இரும்பு வாணலியை ஸ்டவ்வில் வைத்து, மரக்கரண்டியால் கிளறி வறுத்தேன். பக்கத்து வீட்டில் ஏதோ தீப்பிடித்ததாக நினைத்துக் குரல் கொடுத்தார்கள். வெடிச் சத்தம் கேட்டதும் என்னை அறியாமல் எழுந்து நின்றேன். புகை நீலமானதும், "கொட்டு" என்று நானே சொல்லிக்கொண்டு, நானே கொட்டினேன். அங்கங்கே கரிந்துதான் போயிருந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பிளாஸ்க்கில் ஊற்றிக்கொண்டு சந்திரகிரிக்குப் போனேன். கூட என் பழைய சிநேகிதன், ஓய்வு பெற்ற தெலுங்கு வாத்தியார். சித்தூரில் சின்ன வயதில் எங்கள் கடையில் பொடி வாங்கிய வீட்டுப் பிள்ளை. கோட்டை வாசலுக்கு வெளியே ஒரு கல்லில் உட்கார்ந்தோம். டம்ளரை அவன் கையில் கொடுத்து, காப்பிக்கும் இந்த ஊருக்கும் ஒரே பெயர் என்பதில் தொடங்கி, பாலேஹொன்னூர், இலைத்துரு, தைமூர் தீவு, 1639 மணல்திட்டு வரை முழுக்கச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டான். ஒரு வாய் குடித்தான். இன்னொரு வாய்.

"சக்கெர தக்குவயிந்தி ரா" என்றான்.

சர்க்கரை குறைச்சலாம். பையைத் துழாவிப் பார்த்தேன். எடுத்து வரவில்லை.